நாயும் அதன் எல்லைக்கல்லும்

“நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை” என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. இதனை முதலிற் சொன்னவர் எவராயினும், அவர் ஒரு நாயின் பின்னே அரைமணி நேரமாவது நடந்து பார்த்தவரல்லர் என்று நாம் துணிந்து கூறுவோம். நாய்க்கு, அதிலும் கடுவன் நாய்க்கு, வேலை உண்டு. அவ்வேலை நமக்கு அருவருப்பாயிருத்தலின் அதனை வேலையென்று நாம் மதிப்பதில்லை.

2023ஆம் ஆண்டில் கார்த்திகைத் தீபம் கழிந்தபின் ஒரு வாரம் திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை அடுத்த பகுதியில், நம் கலாசாலையின் பழைய மாணவர் ஒருவர் இல்லத்தில் தங்கியிருந்தோம். விடியற்காலையிற் செங்கம் சாலை வழியே உலாவச் செல்லுதல் நம் வழக்கமாயிற்று. தட்சிணாமூர்த்தி கோயிலின் பக்கத்திலிருந்து செவலை நாயொன்று ஏறக்குறைய அதே வேளையில் நாள்தோறும் புறப்படும். மின்கம்பம், தேநீர்க்கடையின் பலகை, நிறுத்தி வைத்த ஆட்டோவின் பின்சக்கரம், யாரோ சாத்தி வைத்த தென்னந்துடைப்பம் என ஒவ்வொன்றையும் நின்று முகரும்; சிலவற்றை விட்டு நீங்கும்; சிலவற்றின்மேற் காலைத் தூக்கி நான்கு துளி தெளித்துவிட்டு மேற்செல்லும். ஒருநாள் நாம் எண்ணினோம், இருபத்திரண்டு இடங்கள். கடைசி இரண்டிடங்களில் ஒரு துளியும் விழவில்லை. ஆயினும் காலைத் தூக்கும் சடங்கு மட்டும் குறைவின்றி நடந்தது.

வயிறு முட்டிய உயிர் ஓரிடத்தில் நின்று முழுவதையும் கழித்துவிடும். இந்நாயோ கையிருப்பைச் சிக்கனமாய்ச் செலவிடும் கணக்கப்பிள்ளையைப் போலத் துளித்துளியாய்ப் பங்கிட்டது. நீர் கழித்தல் வேறு, நீரால் அடையாளம் இடுதல் வேறு. இவ்வேற்றுமையை அறியாமையே நாய் வளர்ப்போர் படும் தொல்லைக்கும், அவர்களால் நாய்கள் படும் அதனினும் பெரிய தொல்லைக்கும் மூலமென்பது நம் கருத்து.

நண்பர் இல்லத்திலும் ஒரு கடுவன் உண்டு. பெயர் மணி; வயது மூன்று. நண்பர் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின் மாடியில் இரண்டு அறைகளை யாத்திரிகருக்கு வாடகைக்கு விட்டு, பெரும்பாலும் அவ்வருவாயைக் கொண்டே காலங்கழிப்பவர். கார்த்திகை முதல் மாசி வரை அப்பகுதியில் வெளியூராரும் வெளிநாட்டாரும் நிறைந்திருப்பர். பங்குனி வெயில் தொடங்கியதும் அறைகள் காற்றாடும். இந்நிலையில், வந்திறங்குவோர் பெட்டியின்மேலெல்லாம் மணி காலைத் தூக்கினால் என்னாகும்? நாம் சென்ற இரண்டாம் நாள், ஒரு மாதத்துக்கென அறை அமர்த்திய அம்மையார் ஒருவரின் துணிப்பை நனைந்தது. அன்று மாலையே அவர் வேறிடம் பார்த்துப் போய்விட்டார். நம் பெட்டி முந்தின நாளே அப்பேறு பெற்றிருந்தது, நாம் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்றிரவு நண்பர் நம்மிடம் வந்து, “ஐயா, அடித்துப் பார்த்துவிட்டேன், பட்டினி போட்டும் பார்த்துவிட்டேன். இனி என்னால் ஆகாது. நாளை விடியுமுன் நிருதி லிங்கத்துக்கு அப்பாற் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன். கிரிவலப் பாதையிற் சோறிடுவோர் பலர். எப்படியும் பிழைத்துக்கொள்வான்” என்றார். அவர் கல்நெஞ்சரல்லர்; சொல்லும்போதே குரல் கம்மிற்று. வீட்டு அம்மையாரோ சமையலறையை விட்டு வெளியே வரவேயில்லை.

“பிழைத்துக்கொள்வான்” என்ற அச்சொல்லை மறுப்பதற்கே நாம் அன்றிரவு நெடுநேரம் விழித்திருந்தோம். மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டரும் நமக்கு ஒரே பாதை. நாய்களுக்கோ அது பல சிற்றரசுகள் அடுத்தடுத்து அமைந்த நிலம். அன்னதானம் நடைபெறும் இடம், தேநீர்க்கடை, குப்பைத்தொட்டி என உணவு கிடைக்கும் ஒவ்வோரிடத்துக்கும் ஒரு கூட்டம் உரிமை கொண்டிருக்கும். அவ்வரசுகளின் எல்லைக்கல்லே, நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அம்மின்கம்பம். வேற்றுக் கடுவனொன்று அங்கே இறக்கி விடப்படுமாயின், எந்தத் திசையில் ஓடினும் அது பிறர் நாட்டுக்குள்ளேயே ஓடும். அதுவோ கார்த்திகை மாதம். மழைக்காலத்தின் பிற்பகுதி தொடங்கி மார்கழி வரை தெருநாய்கள் இணைசேரும் பருவமென்பதை “மார்கழி மாதத்து நாய்” என்னும் வசைமொழியே காட்டும். அப்பருவத்தில் கடுவன்களின் சண்டை மிகும். வீட்டுத் திண்ணையில் வளர்ந்த மணி, கடிபட்டோ, ஓடிய வேகத்திற் பேருந்தின் கீழ் அகப்பட்டோ மாள்வதற்கே வழி மிகுதி. ஒருகால் தப்பினும், அஞ்சி வெருண்ட நாய் கடிக்கும். கடிபடுபவர் வெறுங்காலோடு வலம்வரும் யாரோ ஓர் ஏழைக் கிழவியாய் இருப்பார். வெறிநோய் வெளிப்பட்டபின் பிழைத்தோர் ஏறக்குறைய இல்லை. ஆகவே ஒருவர் வீட்டுத் தொல்லை இரவோடிரவாக ஊர்த் தொல்லையாகிறது.

நிற்க. மணி ஏன் அவ்வாறு செய்தது? வீட்டார் நினைத்ததுபோல அது திமிருமன்று, பழிவாங்குதலுமன்று. நாய்க்கு மூக்கே கண், மூக்கே ஏடு. மேல்வாய்க்கு மேலே ஜேக்கப்சன் உறுப்பு என்னும் தனிப் புலனுறுப்பும் அதற்கு உண்டு. நீரில் தோய்ந்த மணத்தினின்று, வந்து போனது கடுவனா பெட்டையா, தெரிந்ததா தெரியாததா, எப்போது வந்தது என்பவற்றை அது அறிகிறது. அமெரிக்காவிற் கொலராடோ மாகாணத்தில் மார்க் பெக்காஃப் என்னும் ஆராய்ச்சியாளர் ஐந்து பனிக்காலங்களில் ஜெத்ரோ என்னும் தம் நாயோடு நடந்து, நாய்களின் நீர் தோய்ந்து மஞ்சளான பனியை அள்ளி இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். ஜெத்ரோ தன் நீரை முகர்வதிற் சிறிதளவு நேரமே செலவிட்டது. பிற நாய்களின் நீரையே நின்று முகர்ந்தது. 2001ஆம் ஆண்டில் வெளியான இவ்வாராய்ச்சியை வேடிக்கையென்று சிரித்தோர் உண்டு. நமக்கோ இது நல்ல ஆராய்ச்சியின் இலக்கணமாகவே தோன்றுகிறது: செலவில்லை, கருவியில்லை, பொறுமை மட்டும் உண்டு. நம் நாட்டிலும் சுனில் குமார் பால் என்பவர் வங்காளத்துக் காட்வா நகரின் தெருநாய்களைத் தொடர்ந்து கண்டு, பால், பருவம், இடம், நிற்கும் நிலை ஆகியவற்றுக்கேற்ப அவை நீரடையாளம் இடும் வகையை 2003இல் எழுதினார். கார்னெல் பல்கலைக்கழகத்துப் பெட்டி மெக்வயர் என்பவரும் துணைவரும் 2018இல் வெளியிட்டது இன்னும் சுவையானது. சிறிய உருவமுள்ள கடுவன்கள் காலை மிகச் சாய்த்துத் தூக்கி, தம் உடலளவுக்கு மிஞ்சிய உயரத்தில் நீர் படும்படி செய்கின்றனவாம். அடுத்து வருவது தம்மைப் பெரிதென்று எண்ணட்டும் என்பதற்காக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். தேர்தற் காலத்து நம் ஊர்ச் சுவர்களைக் கண்டோர்க்கு இது வியப்பளிக்குமா?

இனி மணியின் வீட்டுக்கு வருவோம். வாரந்தோறும் புது முகங்கள், புதுப் பெட்டிகள், அப்பெட்டிகளில் வேற்றூரின் மணம், ஒருகால் வேற்று நாயின் மணமும். வாயிலின் கம்பிக் கதவுக்கு அப்பால் தெருநாய்கள் வந்து தூணில் எழுதிப் போகின்றன. உள்ளிருக்கும் நாய்க்கு இது நாள்தோறும் வரும் படையெடுப்பு. தன் மணத்தைப் புதுப்பொருளின்மேல் இட்டால்தான் அதற்குக் கலக்கம் தணிகிறது. இதனை அறியாது வீட்டார் செய்த வைத்தியங்களைக் கேண்மின்.

முதலாவது, வாயிற்படியில் நீலநீர்ப் போத்தல். துணிக்கிடும் நீலத்தைக் கரைத்துப் போத்தலில் ஊற்றி வாயிலில் வைத்தால் நாய் அணுகாதென்பது நம் ஊர்களெங்கும் பரவிய நம்பிக்கை. நாய் நிறமே அறியாதென்பாரும் உளர், அதுவும் பிழை. சிவப்பும் பச்சையும் அதற்குப் பிரிந்து தோன்றா; நீலமும் மஞ்சளும் நன்றாகவே தோன்றும். நீலநீரைக் கண்டு அஞ்சுவதற்கு மட்டும் அதற்குக் காரணமொன்றுமில்லை. நண்பர் வீட்டுப் போத்தலின் அடிப்பாகத்தை நாம் குனிந்து பார்த்தோம். அதன்மேலும் மணியின் கையெழுத்து இருந்தது.

இரண்டாவது, பினாயில். நனைந்த இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவினால் நம் மூக்கு ஏமாறும். நாயின் மூக்கு ஏமாறாது. அதன் அடியிற் பழைய மணம் இருந்துகொண்டே, “இங்கு இன்னும் எழுதுக” என்று அழைக்கும். அம்மோனியா கலந்த நீர்மங்கள் இன்னும் தீயவை. நீரின் மணத்தையே ஒத்திருத்தலால் நாயை அவையே அழைத்து வரும்.

மூன்றாவது, அடி. இதைப் பற்றிச் சிறிது விரிவாய்ச் சொல்ல வேண்டும். பகலில் நனைந்த பெட்டியை மாலையிற் கண்டு அடித்தால், எதற்கடித்தார் என்பதை நாய் அறியாது. வீட்டுத் தலைவர் மாலையில் மூர்க்கராகிறார் என்பதை மட்டும் அறியும். அறிந்தபின் கலங்கும், கலங்கினால் இன்னும் மிகுதியாகவே அடையாளமிடும். ரமணர் 1899 முதல் 1916 வரை மலைமேல் விரூபாட்ச குகையில் வாழ்ந்த காலத்து நிகழ்ச்சியென்று அவர் வரலாற்றில் ஒன்று சொல்லப்படுகிறது. அங்கிருந்த சிறு நாயொன்றை உடனிருந்த பழனிசாமி கடிந்து விரட்ட, அது நேரே போய்ச் சங்க தீர்த்தத்திற் பிணமாய் மிதந்ததாம். அந்நாய் தானே விழுந்து மாய்ந்ததோ, தவறி விழுந்ததோ, நாம் அறிய வழியில்லை. ஆயினும் பிராணிகளுக்கும் அறிவுண்டு, அவற்றைக் கடுமையாய் நடத்தலாகாது என்று அன்று அவர் உடனிருந்தோரை எச்சரித்தார் என்பது குறிக்கத்தக்கது. விலங்குகளை அவர் “அது” என்று சொன்னதில்லையென்று ஆர்தர் ஆஸ்பர்ன் எழுதுகிறார், “பையன்களுக்குச் சோறாயிற்றா?” என்ற கருத்துப்பட அவர் கேட்டால் ஆசிரமத்து நாய்களைக் கேட்கிறார் என்று கொள்ள வேண்டுமாம். ஜாக்கி என்னும் நாயின் சமாதி இன்றும் அவ்வாசிரமத்தினுள் இருக்கிறது. நண்பரும் மணியை “அவன்” என்றே சொல்லி வந்தார். கைவிடத் துணிந்த அன்றும் அவர் அச்சொல்லை மாற்றவில்லை. நாமும் இனி அவ்வாறே குறிப்போம்.

நாம் கூறிய யோசனை எளியது. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுக. நீர்ப்பையில் அழற்சியோ கல்லோ இருப்பின் நாய் வீட்டினுள் நனைப்பது நோயின் குறியேயன்றிப் பழக்கமன்று. நோயில்லையெனின் கருத்தடை அறுவை செய்விக்க. இதைக் கேட்டதும் அம்மையார் முதன்முறையாக வெளியே வந்து, “கடவுள் கொடுத்ததை அறுத்தெறிவது பாவமல்லவா?” என்றார். நியாயமான கேள்வியே. நாம் அவரிடம், உழவு காளைக்குக் காயடிப்பதை நம் முன்னோர் பாவமென்று கருதவில்லையென்பதையும், அறுவைக்கு மயக்கமருந்து உண்டு, நிருதி லிங்கத்து நாய்க்கூட்டத்திடம் அது இல்லை என்பதையும் சொன்னோம். அவர் மறுமொழி கூறவில்லை. ஆனால் நண்பரைப் பார்த்தார்.

இங்கு ஒன்றை மறைத்தல் ஆகாது. இவ்வறுவை மந்திரமன்று. கலிபோர்னியாவில் நீல்சன் முதலியோர், இரண்டு வயதுக்கு மேற்பட்ட பின் காயடிக்கப்பட்ட 57 நாய்களை ஆராய்ந்து 1997இல் எழுதினர். நீரடையாளம் இடுதல் பாதியோ அதற்கு மேலோ குறைந்தவை ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது. முற்றும் ஒழிந்தாற்போன்றவை நூற்றுக்கு இருபத்தைந்து முதல் நாற்பது வரையிலேயே. நாயின் வயதும் பழக்கத்தின் நாட்பழமையும் இதனை மாற்றவில்லையென்று கண்டதே மணிக்கு நல்ல செய்தி. எஞ்சியதை வீட்டார்தாம் செய்ய வேண்டும். நனைந்த இடங்களைப் பினாயிலை விடுத்து, கறையின் மூலப்பொருளையே சிதைக்கும் நொதிநீர்மத்தாற் கழுவ வேண்டும். வந்தவர் பெட்டியைத் தரையில் வைக்காமல் உயர்ந்த பலகைமேல் ஏற்ற வேண்டும். கம்பிக் கதவின் கீழ்ப்பாதியைத் தகட்டால் மறைத்துத் தெருநாயும் மணியும் முகம்நோக்காதிருக்கச் செய்ய வேண்டும். காலையிலும் மாலையிலும் அவனைக் கயிற்றிற் பிடித்து நெடுந்தொலைவு நடத்தி, எழுத வேண்டியதை வெளியே எழுதவிட வேண்டும். வெளியே எழுதினால் உடனே ஒரு துண்டு ரொட்டி; உள்ளே காலைத் தூக்கப் பார்த்தால் கைதட்டி அழைத்து வெளியே கொண்டுபோதல். இவ்வளவே. இதிலொன்றும் அருமையில்லை, நாள்தோறும் தவறாமற் செய்தலே அருமை.

வீட்டு நாயை விட்டுத் தெரு நாய்க்கு வருங்கால் அம்மலையின் குரங்குகள் நினைவுக்கு வருகின்றன. குரங்குக் கூட்டங்களுக்கு அரசரும் எல்லையும் உண்டென்றும், எல்லை மீறினாற் போர் மூளுமென்றும், போருக்கு முன் தூது நடக்குமென்றும் ரமணர் கூறியிருக்கிறார். அவற்றின் பூசல்களை அவரே நடுவராயிருந்து தீர்த்ததும் உண்டாம். அவர் எக்கூட்டத்தையும் மலையை விட்டு விரட்டவில்லை. அவற்றின் எல்லையை அறிந்துகொண்டார். நாம் தெருநாய்களிடம் செய்தது இதற்கு நேர்மாறு. சென்னை மாநகரில் நகராட்சியார் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நாய்களைப் பிடித்துக் கொன்று வந்தனர். தலைமுறை தலைமுறையாய்க் கொன்றும் நாய் ஒழியவில்லை. காலியான எல்லைக்குள் அடுத்த தெருவின் நாய் வந்து காலைத் தூக்கியது. 1959இல் தோன்றிய ப்ளூ கிராஸ் சங்கத்தார் இடைவிடாது வற்புறுத்தியபின், 1996இல் கொலையை விட்டுக் கருத்தடைக்கு அம்மாநகராட்சி மாறியது. 2001இல் மத்திய அரசு வகுத்த விதிகளும், அவற்றின் இடத்தில் 2023இல் வந்த விதிகளும், கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டுமென்கின்றன. அருள்நோக்கம் மட்டும் அதற்குக் காரணமன்று. ஊசி போட்ட, குட்டி பெறுவிக்காத, சண்டை குறைந்த கடுவன் ஒன்று தன் எல்லையைக் காத்து நிற்பின் ஊசி போடாத அயல்நாய் எளிதில் உள்ளே வாராது. மின்கம்பத்தின்மேல் அது இடும் நான்கு துளி நம் தெருவுக்கு ஒரு வேலி.

அப்பகுதிக்கு வரும் விருந்தினரையும் இங்குச் சிறிது நொந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மூன்று மாதம் நாள்தோறும் பிஸ்கோத்தும் பாலும் தந்து பத்து நாய்களை ஒரு வாயிலில் திரட்டிவிட்டு, வெயில் வந்ததும் விமானமேறிப் போவோர் பலர். பத்து நாய்க்கு ஒரு வாயில் என்றானபின் அவ்வாயிலுக்காக நடக்கும் போரில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் கடிபடுவர். பிஸ்கோத்துக்கு ஆகும் செலவிற் பாதியை அறுவைக்கும் ஊசிக்கும் தந்தால் எவ்வளவு நலம்!

இவற்றையெல்லாம் இக்கலாசாலை மலரில் எழுதுவதற்குக் காரணமுண்டு. 2025 நவம்பர் 7ஆம் நாள் உச்சநீதிமன்றம், கல்விச்சாலை, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் முதலிய இடங்களிலுள்ள தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடையும் ஊசியும் செய்து காப்பகத்தில் வைக்கவும், பிடித்த இடத்தில் மீண்டும் விடாதிருக்கவும் ஆணையிட்டது. பிள்ளைகள் கடியுண்டு துன்புறுதலைக் கண்டு எழுந்த ஆணை. அத்துன்பம் மெய்யே, அதனைச் சிறிதென்று சொல்வாரோடு நாம் சேரோம். ஆனால் ஆணையைக் கேட்டவுடன் நம் விடுதி மாணாக்கர் சிலர் சாக்கும் வலையும் தேடியதாகக் கேள்விப்பட்டோம். நண்பர்களே, விடுதியின் பின்சுவர் இரண்டிடத்தில் இடிந்து கிடக்கிறது. எச்சிற்சோறு நாள்தோறும் அவ்விடிபாட்டின் வழியே கொட்டப்படுகிறது. இவ்விரண்டையும் அப்படியே விட்டு, வாயிலிற் கிடக்கும் நான்கு நாய்களைச் சாக்கிற் கட்டி ஏரிக்கரையில் விட்டுவந்தால், அடுத்த திங்களில் வேறு நான்கு வரும். இந்நான்கில் மூன்றின் செவி நுனியில் வெட்டுண்டு. அவை அறுவை முடிந்தவை. வரப்போகும் நான்கின் செவியை யார் பார்த்தார்? முதலிற் சுவரைக் கட்டுவோம், சோற்றுத்தொட்டிக்கு மூடியிடுவோம், பிடிப்பதாயின் முறையறிந்தாரைக் கொண்டு பிடித்து, காப்பகம் உண்டென்று கண்டபின் அனுப்புவோம். சாக்கும் ஏரிக்கரையும் எந்த ஆணையிலும் சொல்லப்படவில்லை.

மணியின் செய்தியைச் சொல்லாமல் விட்டோம். நண்பர் அவனை விடியலில் எங்கும் கொண்டுபோகவில்லை. தை மாதத்தில் அறுவை நடந்தது. 2024 ஆடியில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பொங்கலுக்குப் பின் நனைந்த பெட்டிகள் இரண்டே என்றும், அவற்றுள் ஒன்று மைத்துனருடையதென்றும், அவர் சொல்லாமலே வந்தவராதலால் அதனைக் கணக்கிற் சேர்க்கவில்லையென்றும் எழுதியிருந்தார். வாயிலின் வலத்தூணை மட்டும் மணி இன்னும் விடவில்லையாம். “அதை அவனுக்கே கொடுத்துவிட்டேன், ஐயா. பெயர்ப்பலகையை இடத்தூணுக்கு மாற்றிவிட்டேன்.”